ஊட்டிக் குளிரில் செய்தித்தாளிலிருந்து லிக்னின்

மரத்தின் நார்களை ஒட்டவைத்துக் கெட்டியாக்கும் பொருள் லிக்னின். அதைப் பழைய தாளிலிருந்து நாங்கள் பிரித்தெடுக்கும் முறை இது. மலையில் பிளாஸ்டிக்குக்குத் தடை என்பதால் காகிதக் கப்பும் பையும் மூட்டை மூட்டையாகக் கிடைக்கும். ஆசைப்பட்டு எடுக்க வேண்டாம். கப்பின் உள்பக்கம் பாலித்தீன் பூச்சு. ஜெராக்ஸ் தாளில் லிக்னின் இல்லை என்றே சொல்லலாம், சுண்ணாம்புத் தூள்தான் நிறைய. செய்தித்தாள்தான் சரி. மரத்தை அரைத்துச் செய்த கூழ் அதில் பெரும்பங்கு, லிக்னின் உள்ளேயே தங்கியிருக்கும். வெயிலில் போட்டால் மஞ்சளாவதும் அதனால்தான்.

எத்தனாலும் தண்ணீரும் கலந்து கொதிக்க வைத்துப் பார்த்தோம், பலனில்லை. அந்த முறைக்கு 160 முதல் 200 டிகிரி வேண்டும். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம், தண்ணீரே 93 டிகிரியை ஒட்டிக் கொதித்துவிடும். அழுத்தக் கலன் இல்லாததால் கோலின் குளோரைடு என்ற உப்பும் லாக்டிக் அமிலமும் (தயிரின் புளிப்பு அமிலம்) கலந்த கரைப்பானுக்கு மாறினோம். திறந்த பாத்திரத்திலேயே 120 டிகிரி வரை கொண்டுபோகலாம்.

கோழித் தீவனக் கடையில் மலிவாகக் கிடைக்கும் கோலின் குளோரைடை வாங்கிவிடாதீர்கள். அது மக்காச்சோளத் தக்கைத் தூளில் ஏற்றியது, அந்தத் தக்கையிலேயே லிக்னின் உண்டு. எடை கூடும், கணக்கு பொய்யாகும். 98 சதவீதத் தூள் வேண்டும். அதையும் மூடி திறந்ததும் எடுத்து மூடிவிட வேண்டும். குன்னூர் மூடுபனியில் கால் மணி நேரம் தட்டில் வைத்தால் பாகாகிவிடும்.

கோலின் குளோரைடு தூள் 100 கிராம், 88 சதவீத லாக்டிக் அமிலம் 366 கிராம் (மூலக்கூறுகளின் எண்ணிக்கையில் 1:5). 70 டிகிரியில் கிளறினால் தெளிந்துவிடும். இதற்கு உலர்ந்த தாள் 30 கிராம் போதும்.

தாளை ஊறவைத்து மிக்ஸியில் அடித்து, சோப்பு நீரில் மையை நுரையோடு வழித்தெடுத்து, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் குமிழ் நிற்கும்வரை வைத்து அலசுங்கள். இந்த அமிலக் கழுவலைத் தவிர்த்தால் தாளிலுள்ள சுண்ணாம்பு கரைப்பானின் அமிலத்தைத் தின்றுவிடும், பொங்கி வழியும். 60 டிகிரிக்குள் உலர்த்துங்கள். ஆடி மழையில் காய்ந்ததுபோல் தெரியும் தாளும் ஈரத்தைப் பிடித்திருக்கும். தட்டில் இரண்டு கிராமை 105 டிகிரியில் எடை குறைவது நிற்கும்வரை வைத்துப் பார்த்து ஈரத்தைக் கணக்கிடுங்கள்.

தாளைக் கரைப்பானில் போட்டு, பாத்திரத்தைச் சூடான எண்ணெயில் அமர்த்தி 120 டிகிரியில் 6 மணி நேரம் வையுங்கள். நிறம் டீ டிகாஷனைத் தாண்டிக் கருக்கும். சூட்டோடு துணியில் வடித்து, எத்தனாலும் தண்ணீரும் சரிபாதி கலந்து நாரைக் கழுவுங்கள். நாங்கள் முதல் தடவை வெறும் தண்ணீரில் கழுவினோம். கரைந்த லிக்னின் நாரிலேயே திரும்பப் படிந்துவிட்டது, பிறகு அதைப் பிரிக்க முடியவில்லை.

வடிநீரையும் கழுவிய நீரையும் சேர்த்து, அதிலுள்ள ஆல்கஹாலை மின் அடுப்பில், ஜன்னல் திறந்து ஆவியாக்குங்கள். காஸ் அடுப்பு கூடவே கூடாது. மீதியை இரண்டரை லிட்டர் குளிர்ந்த தண்ணீரில் மெல்ல ஊற்றினால் பால்போல் கலங்கும். அடியில் தங்காமல் மிதந்தே நின்றால் ஃப்ரீசரில் உறையவைத்து உருக விடுங்கள், துகள்கள் திரண்டு இறங்கிவிடும். வடித்தெடுத்த தூளை 40 டிகிரியில் காயவையுங்கள். சூடு கூடினால் கருப்பட்டிபோல் இறுகி, இடித்தாலும் உடையாது.

30 கிராமில் 3 கிராம் தூள் கிடைத்தால் நல்லது. அதில் மைக்கரி இருக்கிறதா என்று பார்க்க, சிட்டிகையை நீர்த்த காஸ்டிக் சோடாவில் போடுங்கள்: லிக்னின் கரையும், கரி வடிதாளில் நிற்கும். நாரில் லிக்னின் எவ்வளவு மிச்சம் என்று பார்க்க, லிக்னினைச் சிவக்கவைக்கும் புளோரோகுளூசினோலும் அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சொட்டு விடுங்கள். வேகாத தாள் சட்டென்று செந்நிறமாகும், வெந்த நார் வெளிர் ரோஜாவோடு நிற்க வேண்டும். அந்த நார் குட்டையாகிப்போவதால் தனித்தாளுக்கு உதவாது. அட்டைக் கூழில் கலக்கலாம்.

கரைப்பானைத் திரும்ப எடுக்க இரண்டரை லிட்டர் தண்ணீரை ஆவியாக்க வேண்டும், கரண்ட் பில் கடிக்கும். சூட்டில் லாக்டிக் அமிலம் தன்னோடு தானே பிணைந்துகொள்வதால் ஒவ்வொரு சுற்றிலும் வீரியமும் குறையும். மூன்றாம் சுற்றுக்குப் பிறகு நாங்கள் புதிதாகவே கலக்கிறோம். பழையதைச் சாக்கடையில் கொட்டினால் சரிவில் நேரே ஓடைக்குத்தான் போகும். சுண்ணாம்பு போட்டு பிஎச் 7 (அமிலமும் காரமும் அற்ற நிலை) வந்ததா என்று பிஎச் தாளில் பார்த்த பிறகே அப்புறப்படுத்துகிறோம்.