முன் வாங்கு

சென்ற ஞாயிறு இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கம் ஓர் ஆலயத்தில் ஆராதனை. தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்துப் பெரியம்மா முன் வாங்கில் அமர்ந்து, தேயிலைக் கொழுந்துக் கறை ஏறிக் கறுத்த விரல்களால் வேதாகமத்தை மெல்லப் புரட்டிக்கொண்டிருந்தார். தோட்டத்து உத்தியோகத்தர் ஒருவரின் குடும்பம் உள்ளே வந்தது. சபை மூப்பர் குனிந்து, "கொஞ்சம் பின்னுக்குப் போங்கள் பெரியம்மா" என்றார். பெரியம்மா வாய் திறக்கவில்லை. நனைந்த குடையை எடுத்துக்கொண்டு கடைசி வாங்குக்குப் போய்விட்டார்.

அதன்பிறகு எனக்குப் பாட்டே வரவில்லை.

பொன் மோதிரம் போட்டவனுக்கு நல்ல இடமும் கந்தை உடுத்தியவனுக்குக் காலடியும் கொடுக்காதீர்கள் என்று யாக்கோபின் நிருபம் 2ஆம் அதிகாரத்திலேயே இருக்கிறது. 5ஆம் அதிகாரம் இன்னும் கடுமையானது. வயலை அறுத்தவர்களுக்குக் கொடுக்காமல் பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்கிறது. பறித்த கொழுந்தில் கிலோ குறைந்தால் இரக்கமில்லாமல் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், போடுகிற கை, ஞாயிற்றுக்கிழமை காணிக்கைத் தட்டையும் ஏந்துகிறது. இதை எந்தப் பிரசங்கத்திலும் நான் கேட்டதில்லை.

வாழ்ந்து காட்டியவர்களும் இதே மலையில் இருந்தார்கள். இயேசு சபைத் துறவி போல் கஸ்பர்ஸ் 1972இல் கண்டியில் சத்யோதய நிலையத்தைத் தொடங்கி, தோட்ட மக்களின் உரிமைக்காகக் குரல் கொடுத்தார்.

ஆராதனை முடிந்ததும் மூப்பரிடம் நேரே கேட்டேன். "ஒழுங்கு என்று ஒன்று வேண்டாமா தம்பி?" என்றார். யாருடைய ஒழுங்கு, ஐயா?

வரும் ஞாயிறு பெரியம்மாவை நானே கூட்டிப்போகிறேன். அதே முன் வாங்குக்கு.