கைக்குத் தெரிந்தது, வாய்க்குத் தெரியவில்லை

திருகோணமலைக்குப் பக்கத்தில், உப்புவெளியில் எனக்கு ஒரு சின்னக் கடை இருக்கிறது. பிரிட்ஜ், பிரீசர், ஏசி திருத்துவேன். 2004-இல் ஓ.எல். (சாதாரண தரப் பரீட்சை) முடிவு வந்த கையோடு மாமாவின் கடையில் போய் நின்றவன், இன்றைக்கும் அதே தொழிலில்தான் நிற்கிறேன். அந்த வருடக் கடைசியில் கடல் வந்தது. பிறகு பல மாதங்கள் கடைக்கு வந்த பிரிட்ஜ் எல்லாம் உப்புத்தண்ணீர் குடித்தவை. கழுவி, காயவைத்து, எது பிழைக்கும் எது பிழைக்காது என்று பார்த்துப் பார்த்துத்தான் தொழில் பழகினேன். மாமா விளக்கம் சொல்லுகிற ஆள் இல்லை. "பார்" என்பார். பார்த்தேன்.

மூன்று வருடத்துக்கு முன்பு அக்காவின் மகன் ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) எழுதினான். தொழில்நுட்பப் பிரிவு, பொறியியல் தொழில்நுட்பம். மூன்று பாடமும் சித்தி, ஆனால் கம்பசுக்குப் போதாது. இன்னொரு தரம் எழுது என்று அக்கா டியூசனுக்குக் காசு கட்டினாள். பெடியன் பின்னேரங்களில் டியூசனுக்குப் போகாமல் என் கடையில் வந்து நின்று, கழற்றிப் போட்ட கொம்பிரசரைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிடிபட்ட அன்று அக்கா கடைக்கே வந்துவிட்டாள்.

"உன்னைக் குறை சொல்லேல்லத் தம்பி. ஆனா நாளைக்கு ஒரு இடத்தில சம்பந்தம் பேசப் போனா, மாமாவோட பிரிட்ஜ் திருத்துறான் எண்டு என்னெண்டு சொல்லுறது? ஒரு பேப்பராவது இருக்கோணும். உன்னட்ட இருக்கா?"

அவள் வீட்டுக்கு மாபிள் பதித்தது இந்த பிரிட்ஜ் காசில்தான். அதைச் சொல்ல வாய் வந்தது, விழுங்கிக்கொண்டேன். ஏனென்றால் அவள் கேட்ட கேள்வியை அதே மாதம் இன்னொருவரும் கேட்டிருந்தார். நிலாவெளியில் ஒரு ஹோட்டலின் ஏசிகளை 7 வருடமாக நான்தான் பார்த்துவந்தேன். புதிதாக வந்த முகாமையாளர் மரியாதையாகத்தான் கேட்டார்: "என்.வி.கியூ. 4 இருக்கா அண்ணை?" இல்லை என்றேன். அந்த வருட ஒப்பந்தம் வேறு ஒருவருக்குப் போனது.

அன்றிரவு பெடியனிடம் சொன்னேன்: "சரி, ரெண்டு பேரும் எடுப்பம். நீ படிச்சு எடு, நான் படிக்காமல் எடுக்கிறன்."

என்.வி.கியூ. என்பது தேசிய தொழிற்தகைமை. மொத்தம் 7 மட்டங்கள். 4 வரைக்கும் சான்றிதழ், 5-உம் 6-உம் டிப்ளோமா, 7 பட்டம். 4 எடுத்தவன் தொழிலை முழுதாகத் தனியாகச் செய்யக்கூடியவன் என்று கணக்கு. அதற்கு மேல் ஏறிப் போக விரும்பினால் இரத்மலானையில் இதற்கென்றே தொழிற்தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அக்காவுக்கு இந்தப் படிகளை ஒரு கொப்பித் தாளில் கீறிக் காட்டினேன். 7-க்குப் பக்கத்தில் 'பட்டம்' என்று எழுதியதைப் பார்த்ததும் அவள் முகம் கொஞ்சம் இளகியது.

பெடியனுக்கு வழி நேராக இருந்தது. பயிற்சி நிலையத்தில் குளிரூட்டல், வளிச்சீராக்கல் பாடநெறிக்கு விண்ணப்பித்தான், நேர்முகத்துக்குப் போனான், சேர்ந்துவிட்டான். என் வழிதான் சுற்றுவழி. ஏற்கெனவே தொழில் தெரிந்தவர்களைச் சோதித்துப் பார்த்து, உரிய மட்டத்துக்குச் சான்றிதழ் கொடுக்கிற முறை ஒன்று இருக்கிறது. எல்லாரும் ஆர்.பி.எல். என்றுதான் சொல்கிறார்கள். வகுப்பில் இருக்கத் தேவையில்லை. செய்த வேலைக்கு ஆதாரம் காட்ட வேண்டும், மதிப்பீட்டாளர்கள் முன்னால் செய்துகாட்ட வேண்டும், கேட்டால் பதில் சொல்ல வேண்டும். கேட்கும்போது லேசாகத்தான் இருந்தது. சீசன் முடிந்து மாரி தொடங்கி, ஹோட்டல்கள் வெறுமையாகக் கிடந்த நேரம் பார்த்து விண்ணப்பம் போட்டேன்.

முதல் அடி ஆதாரத்தில் விழுந்தது. 18 வருட வேலைக்கு என்னிடம் ஒரு பில் இல்லை. காசை வாங்கி சேர்ட் பொக்கற்றில் வைத்ததோடு கணக்கு முடிந்துவிடும். இனி என்ன செய்வது? மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பழைய வாடிக்கையாளர்களைத் தேடிக் கடிதம் வாங்கப் புறப்பட்டேன். குச்சவெளியில் மீன் வாடி, அனுராதபுரச் சந்தியில் கூல்பார், சீனன்குடாவில் ஒரு வீடு, பிறகு பாலம் கடந்து கிண்ணியா. கிண்ணியாவில் இறைச்சிக்கடை வைத்திருக்கிற காக்கா பேனாவைக் கையில் எடுத்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, என்ட பிரீசர நீங்க ஒம்பது தரம் திருத்தி இருக்கீங்க. அத எழுதினா ஒங்களுக்கு நல்லமா, கூடாதா?"

எண்ணிக்கையை விட்டுவிட்டு எழுதச் சொன்னேன். ஒன்பது தரமா என்பது எனக்கே அதிர்ச்சிதான். அது ஏன் என்பது பிறகு தெரியவந்தது.

இதற்கிடையில் வீட்டில் வேறொரு தொல்லை. பெடியன் பயிற்சி நிலையத்தில் படித்ததை எல்லாம் இரவில் என்னிடம் வந்து கேட்கத் தொடங்கினான். எனக்கு அறிவு குறைவென்று நினைத்துக் கேட்கவில்லை, எல்லாம் தெரியும் என்று நினைத்துத்தான் கேட்டான். அதுதான் கஷ்டம்.

"மாமா, ஏன் வேக்குவம் போடுறம்?"

"போடாட்டி வேலை செய்யாது."

"அது சரி. ஏன் வேலை செய்யாது?"

"காத்து நிக்கும்."

"காத்து மட்டுமா?"

அதற்கு மேல் எனக்கு ஓடவில்லை. அவன்தான் சொன்னான். குழாய்க்குள் காற்றோடு ஈரமும் நிற்கும். அந்த ஈரம் நுண்குழாயில் போய் உறைந்து வழியை அடைக்கும், எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகிக் கொம்பிரசரின் சுருளைத் தின்னும். வேக்குவம் பம்ப் அமுக்கத்தைக் குறைக்கக் குறைக்க, சூடாக்காமலே அந்த ஈரம் கொதித்து ஆவியாகி வெளியே வந்துவிடும். நுவரெலியாவில் தண்ணீர் 100 பாகைக்கு முன்னமே கொதிப்பது இதே கதைதான். உயரத்தில் அமுக்கம் குறைவு. அதனால்தான் நான் வழக்கமாகப் போடுகிற பத்து நிமிட வேக்குவம் போதாது என்றான். காக்காவின் பிரீசர் எனக்கு நினைவுக்கு வந்தது.

நைதரசன் விஷயம் இன்னும் மோசம். செப்புக் குழாயைப் பற்றவைக்கும்போது 700 பாகைக்கு மேல் சூடாகும். உள்ளே காற்று இருந்தால் குழாயின் உட்பக்கம் கருகிச் செதில் செதிலாகக் கழரும். அதைத் தடுக்க, பற்றவைக்கும் நேரம் முழுக்க உள்ளே நைதரசனை மெல்ல ஓடவிட வேண்டும். நான் ஒருநாளும் விட்டதில்லை. மாமாவும் விட்டதில்லை. நிலாவெளியில் இரண்டு ஏசி திரும்பத் திரும்ப அடைத்துக்கொண்டபோது குழாயை வெட்டிப் பார்த்தேன். உள்ளே கறுப்புத் தூள். கடல் காற்று என்று முகாமையாளரிடம் சொன்னேன், நானும் அப்படித்தான் நம்பினேன். கடல் காற்று வெளியே இருக்கிற செட்டையைத்தான் அரிக்கும், மூடிய குழாய்க்குள் எப்படிப் போகும் என்று ஏழு வருடத்தில் ஒருதரமாவது யோசித்திருக்க வேண்டாமா?

ஆனால் எல்லாம் ஒரு பக்கமாகவே போகவில்லை. கடைக்கு வந்தால் அவன் பொம்மை மாதிரி நிற்பான். கேஜில் இலக்கம் சரியாக இருந்தால் மெஷின் சரி என்று நினைப்பான். கொம்பிரசரின் மேல் கையை வைத்து, அதிர்வு எங்கே பிசகுகிறது என்று பார்க்கத் தெரியாது. திரும்பி வருகிற குழாய் வியர்ப்பதற்கும் பனி பிடிப்பதற்கும் உள்ள வித்தியாசத்தைப் புத்தகத்தில் படித்திருந்தான், விரலால் தொட்டதில்லை. அவன் எனக்கு வார்த்தை தந்தான், நான் அவனுக்குத் தொட்டுப் பார்க்கத் தந்தேன். அந்த மாரி முழுக்க இந்தப் பண்டமாற்றுத்தான்.

மதிப்பீட்டு நாளுக்கு இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் பேசமாட்டார், எழுதிக்கொண்டே இருப்பார். மற்றவர் கேள்வி கேட்பார். குழாய் வளைப்பது, விரிப்பது, பற்றவைப்பது எல்லாம் கை தானாகச் செய்தது. நைதரசன் விட்டேன். எழுதுகிறவர் தலையை நிமிர்த்தி ஒருதரம் பார்த்தார், சந்தோஷமாக இருந்தது. பிழை வைத்த ஏசி ஒன்றைத் தந்தார்கள், கண்டுபிடித்துவிட்டேன்.

அப்புறம் காஸ் அடிக்கிற கட்டம்.

"எவ்வளவு அடிப்பீங்கள்?"

"போதுமான அளவு."

"போதுமெண்டு என்னெண்டு தெரியும்?"

"குழாயைத் தொட்டுப் பார்ப்பன் சேர்."

அவர் சிரிக்கவில்லை. பக்கத்தில் இருந்த புதிய வகை வீட்டு பிரிட்ஜ் ஒன்றைக் காட்டினார். அதில் இருப்பது ஆர் 600ஏ. லைற்றரில் இருக்கிற பியூட்டேன் குடும்பத்துக் காஸ், நெருப்புப் பிடிக்கும். முழு பிரிட்ஜுக்கும் சில பத்துக் கிராம்தான் போகும். "இதுக்கும் தொட்டுப் பார்ப்பீங்களா?" என்றார். தராசில் நிறுத்துத்தான் அடிக்க வேண்டும். ஐந்து கிராம் கூடினாலே அங்கே பெரிய கணக்கு. எனக்கு அது தெரியும், ஆனால் கடையில் தராசு இல்லை.

அடுத்தது இன்னும் கேவலம். பழைய ஏசி ஒன்றைக் கழற்றச் சொன்னார். நான் யோசிக்காமல் வால்வைத் திறந்து காஸைக் காற்றில் விட்டேன். 'ஸ்ஸ்' என்ற அந்தச் சத்தம் வந்த பிறகுதான் என்ன செய்தேன் என்று உறைத்தது. 18 வருடப் பழக்கம், கை என்னைக் கேட்கவில்லை. அவர் கையை உயர்த்தி நிறுத்தினார். பழைய மெஷின்களில் இருக்கிற ஆர் 22 ஓசோன் படையை அரிக்கிறது. அதற்குப் பதிலாக வந்த ஆர் 410ஏ ஓசோனைத் தொடாது, ஆனால் அதில் ஒரு கிலோ வெளியே போனால், சூழலைச் சூடாக்குவதில் 2000 கிலோ காபனீரொட்சைட்டுக்குச் சமம். மீட்பு மெஷின் வைத்து சிலிண்டரில் இழுத்து எடுக்க வேண்டும். 1987-இல் மொன்றியலில் உடன்படிக்கை போட்ட காலத்திலிருந்து உலகம் இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறது. உப்புவெளியில் நான் கேட்டிருக்கவில்லை.

பெறுபேறு வந்தது. இந்த முறையில் 'சித்தி', 'சித்தியின்மை' என்று போடுவதில்லை. 'தேர்ச்சி', இல்லாவிட்டால் 'இன்னும் தேர்ச்சியில்லை'. எனக்கு ஒரு அலகில் மட்டும் 'இன்னும் தேர்ச்சியில்லை' என்று வந்திருந்தது. வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த 'இன்னும்' என்ற சொல் எனக்குப் பிடித்துக்கொண்டது. பாடசாலையில் எனக்கு யாரும் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை.

பெடியன் தன்னுடைய சேரிடம் கதைத்து, சனிக்கிழமைகளில் என்னை அங்கே மீட்பு மெஷினில் பழக விட்டான். பதினெட்டு வயதுப் பெடியள் நடுவில் நான் ஒருவன் நரை விழுந்தவன். 'பாஸ்' என்று கூப்பிட்டார்கள். முதல் சனி ஓரமாக நின்றேன். இரண்டாவது சனி ஒருவன் பற்றவைக்கும்போது ஒட்டு பிடிக்காமல் உருண்டுபோவதைப் பார்த்தேன். "சுவாலையை ஒட்டுக்கம்பியில காட்டாதை, குழாயில காட்டு. குழாய் சூடானா ஒட்டு தானா ஓடிப் போகும்" என்றேன். ஓடிப் போனது. அதைச் சொன்ன பிறகுதான், இதற்கு முன் என் வாழ்க்கையில் யாருக்கும் இதை வார்த்தையாகச் சொன்னதில்லை என்று தெரிந்தது. என் கடையில் வேலை பழக வந்து இரண்டு மாதத்தில் ஓடிப்போன பெடியள் நாலைந்து பேர் இருக்கிறார்கள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமை இல்லை என்று நானும் ஊரோடு சேர்ந்து திட்டியிருக்கிறேன். அவர்களுக்கு நான் சொன்னது ஒரே சொல்: "பார்."

அந்தப் பெடியள் பலருக்கும் வீட்டில் எங்கள் அக்கா மாதிரி ஒரு ஆள் இருந்தார். கிளாக் வேலை கிடைத்தால் போதும் என்கிற அப்பா, வெளிநாட்டுக்குக் காசு கட்டுகிற அம்மா. பெடியளைக் குறை சொல்லமாட்டேன், தாய் தகப்பனையும் சொல்லமாட்டேன். எண்ணெய்ச் சேர்ட்டோடு கடை வாசலில் நின்று, என்ன வேலை என்று கேட்டால் "சும்மா ரிப்பேர் வேலை" என்று இருபது வருடம் பதில் சொன்னவர்கள் நாங்கள்தானே.

இரண்டாம் தரம் மதிப்பீட்டில் காஸ் வெளியே போகவில்லை. சான்றிதழ் வந்த அன்று அக்கா அதை வாங்கி, எழுத்துக்கூட்டி முழுவதும் வாசித்தாள். "உன்ர பேரை வடிவா அடிச்சிருக்கினம்" என்றாள். ஒரு பிரதி எடுத்துத் தன் அலுமாரியிலும் வைத்துக்கொண்டாள், ஏனென்று நான் கேட்கவில்லை. பெடியனும் தொழில்தளப் பயிற்சியை முடித்து 4 எடுத்துவிட்டான். கடையில் இப்போது தராசும் நைதரசன் சிலிண்டரும் இருக்கின்றன. மீட்பு மெஷினுக்கு இன்னும் காசு கட்டிக்கொண்டிருக்கிறேன். கிண்ணியாக் காக்காவின் பிரீசருக்குப் பத்தாவது தரம் போனேன், காசு வாங்கவில்லை. அதற்குப் பிறகு அவர் கூப்பிடவில்லை.

போன வைகாசியில் சீசன் தொடங்கிய நேரம், நிலாவெளிக்குப் பெடியனைத் தனியாக அனுப்பினேன். அதே ஹோட்டல்தான், ஒப்பந்தம் திரும்ப வந்திருந்தது. அரை மணித்தியாலத்தில் கோல் எடுத்தான்.

"மாமா, சத்தத்தைக் கேளுங்கோ." போனை மெஷினுக்குப் பக்கத்தில் பிடித்தான்.

கேட்டது. எனக்கு உடனே தெரிந்துவிட்டது. ஆனாலும், "எனக்கு விளங்கேல்ல, நீ சொல்லு" என்றேன்.

"ம்ம்ம் எண்டு கொஞ்ச நேரம் இரையுது. பிறகு டக் எண்டு நிக்குது. கொஞ்சம் ஆறினாப் பிறகு திரும்பவும் இரையுது."

"அப்ப?"

"கொம்பிரசர் கிளம்பப் பாக்குது, ஏலேல்ல. கப்பாசிற்றர்தான் மாமா. மேல 35 எண்டு போட்டிருக்கு, மீற்றர் 19 காட்டுது."

"தொட முதல் மின்னை இறக்கினியோ?"

"இறக்கிட்டன்."

"சரி, மாத்து. பில் போட மறந்திடாதை."