சொகுசு மின்சாரக் காரும் எங்க தோட்டத்து எர்த் குழியும்

மின்சாரக் கார், அதுவும் அரைக் கோடிக்கு மேல போற கார் வாங்கலாம்னு யோசிக்கிறவங்க, ஷோரூமுக்குப் போன் போடறதுக்கு முன்னாடி நல்ல எலக்ட்ரீசியன் ஒருத்தரை வீட்டுக்கு வரச் சொல்லுங்க. ஏன்னு கீழே சொல்றேன்.

காங்கயம் பக்கம் தோட்டத்துல வீடு, தேங்காய்க் களம் வச்சிருக்கேன். களம், பேங்க், பெருந்துறை கொப்பரை ஏலம்னு தினம் அறுபது எழுபது கிலோமீட்டர் ஓட்டம். அப்பப்ப கோயமுத்தூர். இந்த ஓட்டத்துக்கு மின்சாரக் கார் கச்சிதமாப் பொருந்தும். வரிக் கணக்கும் ஆசையைக் கிளப்பிச்சு. மின்சாரக் காருக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். பெரிய டீசல் காருக்கு 2025 செப்டம்பர் 22-லிருந்து 40. தமிழ்நாட்டுல 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு ஆயுள் சாலை வரி 20 சதவீதம், நான் விசாரிச்ச 2025-ல மின்சாரக் காருக்கு அது முழுசா விலக்கு. நான் பார்த்த வெளிநாட்டுக் கம்பெனிக் கார் 67 லட்சம். சாலை வரியில மட்டும் 13 லட்சத்துக்கு மேல மிச்சம்.

இந்த ஒரு கணக்கை வச்சே ஷோரூம்ல ஆளை நெருக்கறாங்க. "விலக்கு 2025 டிசம்பர் 31 வரைக்கும்தான் சார், இன்னிக்கே புக் பண்ணிடுங்க." அரசாணையில இருந்த தேதி அதுதான், பொய் இல்ல. ஆனா அதுக்கடுத்து அந்த சேல்ஸ் தம்பி சொன்னதுல பாதி தேறலை. கார் கடன் வட்டியில ஒன்றரை லட்சம் வருமான வரிக் கழிவு உண்டுன்னார். எங்க ஆடிட்டர் சிரிச்சுட்டார். வருமான வரிச் சட்டத்து 80இஇபி பிரிவுல வர்ற அந்தச் சலுகை 2023 மார்ச் 31-க்குள்ள அனுமதியான கடனுக்குத்தானாம். "நிறுவனத்து பேர்ல வாங்கினா தேய்மானம் 40 சதவீதம் காட்டலாம், சாதாரணக் காருக்கு 15 தான். ஆனா கட்டின ஜிஎஸ்டியைத் திருப்பி எடுக்க முடியாது"ன்னார். விலைப் பட்டியல்ல 'இதர வரி'ன்னு 67 ஆயிரம் போட்டிருந்தாங்க. அது 10 லட்சத்துக்கு மேற்பட்ட வண்டிக்கு வசூலிக்கிற 1 சதவீத டிசிஎஸ், அதாவது விக்கிறவங்களே நம்மகிட்ட வாங்கி நம்ம பேர்ல கட்டற வருமான வரி. நம்ம பான் கணக்குல ஏறி, வருமான வரியில கழிஞ்சுடும். செலவு மாதிரி எழுதி வச்சா யாருக்குத் தெரியும்? பில்லுல பான் எண் சரியா இருக்கான்னு பார்த்துக்குங்க.

முதல் டெஸ்ட் டிரைவ் வெட்டி அலைச்சல். நேரம் குறிச்சுக் கொடுத்து வரச் சொன்னாங்க. போய்ப் பார்த்தா டெமோ வண்டியில சார்ஜ் 11 சதவீதம். அவங்க வளாகத்து வேகச் சார்ஜர் ரிப்பேர். காபி கொடுத்து, சீட்டுல உட்கார வச்சு, பாட்டுப் போட்டுக் காட்டி அனுப்பிட்டாங்க. மின்சாரக் கார் விக்கிற கடையிலயே கரண்ட் இல்லைங்கறதை எங்க போய்ச் சொல்ல!

வண்டி எங்க தோட்டத்துக்கு வந்து, எங்க பிளக்குல சார்ஜ் ஏறணும், அப்பத்தான் பேச்சுன்னு சொல்லிட்டேன். வீட்டுல இலவசமா ஆய்வு செய்யறோம்னு சொன்ன ஆள் கடைசி வரைக்கும் வரலை. நச்சரிச்ச பிறகு வண்டியை மட்டும் அனுப்பினாங்க. இட்டேரியில, அதான் வேலிக்கு நடுவுல போற எங்க தோட்டத்து மண்பாதையில, நுழைஞ்சதுமே அடிவயிறு ரெண்டு இடத்துல கல்லுல உரசுச்சு. பேட்டரி அங்கதான் படுத்திருக்கு. எட்டு வருஷ வாரண்டின்னு பெருமையாச் சொல்றது இந்த மாதிரி அடிபடறதுக்குச் செல்லாது. அது இன்சூரன்ஸ் சமாச்சாரம். பேட்டரிக்கான கூடுதல் பாதுகாப்பு பாலிசியில இருக்கான்னு எழுத்துல கேளுங்க.

எங்கப்பா வண்டியைச் சுத்தி வந்து டிக்கியைத் திறக்கச் சொன்னார். "ஸ்டெப்னி எங்க சாமி?"

ஸ்டெப்னி கிடையாது. ஒரு பசை பாட்டில், சின்னக் காத்தடிக்கிற மிஷின், அவ்வளவுதான். "வேலிகாத்தான் முள்ளு டயரோட பக்கத்துல ஏறுனா இந்தப் பசை நிக்குமா?"ன்னு கேட்டார். அந்தத் தம்பி போனை எடுத்துக்கிட்டுத் தள்ளிப் போயிட்டாப்ல.

அப்புறம்தான் முக்கியமான கூத்து. சார்ஜ் வயரை மாட்டினா பெட்டியில சிவப்பு விளக்கு. வேற பிளக், அதே சிவப்பு. "உங்க ஊர் கரண்ட் சரியில்ல சார்"ன்னு ஒரே போடு. எங்க எலக்ட்ரீசியன் வந்து நியூட்ரல் கம்பிக்கும், கசியற கரண்டை மண்ணுக்குள்ள இறக்கற எர்த் கம்பிக்கும் நடுவுல மீட்டரை வச்சார். 20 வோல்ட்டுக்கு மேல காட்டுச்சு. ரெண்டு மூணு வோல்ட்டுக்குள்ள இருந்தா நல்லதுன்னார். "எர்த் குழி காஞ்சு போயிருக்குங்ணா. மோட்டாரு, ஃப்ரிட்ஜெல்லாம் கண்டுக்காது, இந்தக் காரு கண்டுக்குது." நம்ம பக்கம் பாறை மண்ணு, வறண்ட பூமி, இந்தப் பிரச்சினை பல தோட்டத்துல இருக்கும். புதுசாக் குழி தோண்டி, கரியும் உப்பும் மாத்தி மாத்திப் போட்டு, குழாய் இறக்கி, தண்ணி ஊத்தினோம். மறுநாள் எங்க அக்கா மகனோட மின்சாரக் காரை அதே பிளக்குல மாட்டிப் பார்த்தோம், பச்சை விளக்கு. செலவு சில ஆயிரம். காரே வாங்காட்டியும் வீட்டுக்கு இது நல்லது.

"தோட்டத்துல ஃப்ரீ கரண்ட் இருக்குல்ல சார்?"னு அந்த சேல்ஸ் தம்பி கண்ணடிச்சதையும் சொல்லிடறேன். தயவுசெஞ்சு மோட்டார் ரூம்ல காரைச் சொருகாதீங்க. அது விவசாயத்துக்குக் கொடுத்த இணைப்பு. வேற வேலைக்குப் பயன்படுத்தினா மின்சாரச் சட்டம் 126-வது பிரிவுல மதிப்பீடு போட்டு அபராதம் வசூலிப்பாங்க. வீட்டு இணைப்புல மூணு பேஸ் வச்சு, லோடைக் கூட்டி எழுதிக் கொடுக்கறதுதான் வழி. ஈபி ஆபீஸ்ல அந்த விவரமெல்லாம் ஒரே தடவையில கிடைச்சுது. யூனிட் கணக்கையும் போட்டுப் பாருங்க. எங்க ஓட்டத்துக்கு ரெண்டு மாசத்துக்கு ஏறத்தாழ 700 யூனிட் கூடும். ஏற்கனவே 600 ஓடற வீடு. ஆயிரத்தைத் தாண்டினா யூனிட் 11 ரூபாய்க்கு மேல. அப்படியும் கிலோமீட்டருக்கு ரெண்டு ரூபாய்க்குள்ளதான் வருது, இப்ப நான் ஓட்டற இன்னோவா எட்டு ரூபாய் தின்னுது. ஓட்டுற செலவுல குறையே இல்லை.

என்னைத் தடுத்தது வேற. பெரிய பழுதுன்னா வண்டி எங்க போகணும்னு கேட்டேன். ஒவ்வொருத்தர் ஒவ்வொரு ஊரைச் சொன்னாங்க. மூணு வருஷம் கழிச்சு நீங்களே என்ன விலைக்கு எடுப்பீங்கன்னு கேட்டேன். அதுக்கு யாரும் எழுத்துல பதில் தரலை. 67 லட்சத்தை வாய் வார்த்தைக்குக் கொடுக்க முடியாதுன்னு, ஏற்கனவே முன்பணம் கட்டி வச்சிருந்த புக்கிங்கை ரத்து பண்ணச் சொன்னேன்.

உடனே ரசீதோட பின்பக்கம் பொடி எழுத்துல இருந்த 'ரத்துக் கட்டணம்' வெளிய வந்துச்சு. பணம் கட்டறதுக்கு முன்னாடியே, 'வாங்காவிட்டால் முழுத் தொகையும் திருப்பித் தரப்படும்'னு அவங்க மேனேஜர்கிட்ட மெயில் வாங்கி வச்சிருந்தேன். அதையே திருப்பி அனுப்பினேன். கொஞ்ச நாள் 'அக்கவுண்ட்ஸ்ல இருக்கு' பாட்டு. நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போறேன்னு ரெண்டு வரி எழுதின மறுநாளே பைசா குறையாம வந்துடுச்சு.

இன்னோவாவை விக்கலை. இன்னொரு கம்பெனியில கேட்டிருக்கேன், ஸ்டெப்னி இருக்கற, தரையிலிருந்து இன்னும் கொஞ்சம் உயரமான வண்டி, விலையும் பாதிதான். வண்டியை ஒரு ராத்திரி எங்க வீட்டுல விட்டுட்டுப் போகணும்னு சொல்லியிருக்கேன். கேட்டுச் சொல்றேன்னிருக்காங்க.