முந்நூறு மைல் வட்டம்

நான் பார்த்த வேலைகளிலேயே விநோதமானது வட்டம் போடுவதுதான். அமெரிக்காவின் நடுவில், சோளக்காடுகளுக்கு இடையே இருந்த ஒரு பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் படிக்கப் போனவன், கைச்செலவுக்காக அங்கே ஃபுட்பால் அணியின் ஆளெடுப்பு அலுவலகத்தில் ஒட்டிக்கொண்டேன். முதல் நாளே தலைமைக் கோச் சுவரில் இருந்த வரைபடத்தைக் காட்டி, எங்கள் ஊரை மையமாக வைத்து 300 மைலுக்கு ஒரு வட்டம் போடச் சொன்னார். போட்டேன். "உள்ளே என்ன இருக்கிறது?" என்றார். ஊர்ப் பெயர்களைப் படிக்க ஆரம்பித்தேன். "மாடு" என்று அவரே பதிலும் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

கொஞ்சம் மிகைதான். கான்சஸ் சிட்டி என்கிற பெரிய நகரம் அந்த வட்டத்துக்குள்தான் இருந்தது. ஆனாலும் மனிதரின் கவலை புரிய எனக்கு ஒரு வருடம் ஆனது.

இது நம் ஊர்க் கால்பந்து இல்லை, தலைக்கவசம் மாட்டிக்கொண்டு முட்டி மோதும் அமெரிக்க ஆட்டம். தொழில்முறை அணிகளுக்குக் கல்லூரியில் ஆடிய ஆட்களை வரிசைப்படி பிரித்துக் கொடுக்க ஒரு ஏற்பாடு உண்டு. கல்லூரிக் கோச்சுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. பதினேழு வயதுப் பையனின் வீட்டு சோபாவில் உட்கார்ந்து, அவன் பாட்டி வைத்ததைச் சாப்பிட்டு, "எங்களிடம் வா" என்று அவரே கேட்க வேண்டும். அப்போது மொத்தம் 85 பேருக்கு உதவித்தொகை தரலாம், வருடத்துக்கு 25 புதுப் பையன்கள் வரை சேர்க்கலாம். அந்த 25 பேர் எங்கே வளர்கிறார்கள் என்பதுதான் கேள்வி. டெக்சாஸ், புளோரிடா, கலிபோர்னியா, ஜார்ஜியா என்று நான்கு மாநிலப் பெயர் சொன்னால் கணிசமான பகுதி முடிந்தது. புளோரிடாவில் ஓக்கிசோபி ஏரிக்கரையில் பெல் கிளேட், பஹோகி என்று இரண்டு சின்ன ஊர்கள். அறுவடைக்கு முன் கரும்புக்காட்டைக் கொளுத்தும்போது தெறித்து ஓடும் முயல்களைத் துரத்திப் பிடித்துப் பழகிய பையன்கள் அங்கிருந்து தொழில்முறை ஆட்டம் வரை போயிருக்கிறார்கள். எங்கள் சோளக்காட்டில் முயல் இருந்தது, துரத்தப் பையன்தான் இல்லை.

விதிப்படி என்னைப் போன்ற அலுவலக ஆள் வெளியே போய் யாரையும் பார்க்க முடியாது. ஆனால் குடும்பத்தோடு வளாகத்தைப் பார்க்க வருகிறவர்களுக்குக் காபி கொடுப்பது என் வேலை. ஒருமுறை டல்லாஸ் பக்கமிருந்து ஒரு பையனும் அவன் அம்மாவும் வந்தார்கள். பையனுக்கு எல்லாம் பிடித்திருந்தது. பளு தூக்கும் அறையைப் பார்த்து அவன் வாய் மூடவில்லை. அம்மா மட்டும் ஒரு காகிதத்தில் ஏதோ எழுதிக்கொண்டே வந்தார்.

கடைசியில் என்னிடம்தான் கேட்டார்: "சனிக்கிழமை ஆட்டம் எத்தனை மணிக்கு?" பெரும்பாலும் காலை 11 மணிக்கு என்றேன். அவருக்கு வெள்ளிக்கிழமை வேலை முடிய இரவு ஏழாகும். அதற்கு மேல் நேரடி விமானம் கிடையாது. காரில் வந்தால் விடிய விடிய ஓட்ட வேண்டும். நான் என் பட்டியலைப் பெருமையாக எடுத்துக் காட்டினேன், ஒவ்வொரு ஊருக்கும் மைல் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். அவர் அதைப் பார்த்துவிட்டு, "தம்பி, இது பறவைக்கான கணக்கு" என்கிற மாதிரி ஏதோ சொல்லிச் சிரித்தார். அவர் சொன்னது சரிதான். வரைபடத்தில் நேர்கோடு பிடித்து அளந்திருந்தேனே தவிர, சாலையையோ விமானம் மாறுவதையோ யோசிக்கவே இல்லை. அந்தப் பையன் வீட்டிலிருந்து இரண்டு மணி நேரத்தில் இருந்த கல்லூரிக்குப் போனான். நான் அடுத்த வாரமே பட்டியலை மணிக்கணக்கில் மாற்றினேன்.

அந்தப் புதுப் பட்டியல்தான் எங்கள் கோச்சைக் கிளப்பியது என்று இன்றும் சந்தேகப்படுகிறேன். ஒரு நல்ல சீசன் முடிந்த கையோடு தெற்கே ஒரு பல்கலைக்கழகம் அவரைக் கூப்பிட்டது. சம்பளம் கொஞ்சம்தான் கூடுதல். அந்த அணி எங்களைவிட மோசமாகத் தோற்றுக்கொண்டிருந்தது. அவர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று: அந்த ஊரிலிருந்து இரண்டு மணி நேரக் கார் தூரத்தில், கடந்த ஐந்து வருடத்தில் பெரிய கல்லூரிகளுக்கு ஆள் அனுப்பிய பள்ளிகளின் பட்டியல். எங்கள் ஊருக்கு இதே கணக்கு அரைப்பக்கம் வரும். அந்த ஊர்ப் பட்டியலுக்கோ பிரிண்டரில் காகிதம் தீர்ந்துபோய் மறுபடி வைத்தேன்.

பையன்கள் கல்லூரியோடு ஒப்பந்தம் போடும் கையெழுத்து நாளுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது போய்விட்டார். அவரை நம்பி வாக்குக் கொடுத்திருந்த பையன்களின் வீட்டிலிருந்து வந்த அழைப்புகளை எடுத்தது நான்தான். அதில் எனக்கு வருத்தம் உண்டு.

ஆனால் முடிவைத் தப்பு சொல்ல மாட்டேன். 2004 டிசம்பரில் அர்பன் மேயர் என்ற கோச்சுக்கு முன்னால் நோட்டர் டாம், புளோரிடா என்று இரண்டு பல்கலைக்கழகங்கள் இருந்தன. நோட்டர் டாம் எவ்வளவு பெரிய பெயர் என்று அந்த நாட்டுக்காரர்களைக் கேட்க வேண்டும், அவரே அங்கே உதவிக் கோச்சாக இருந்தவர். போனது புளோரிடாவுக்கு. 2006, 2008 என்று இரண்டு தேசியப் பட்டம். 2021இல் கோச் லிங்கன் ரைலி ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தை விட்டு லாஸ் ஏஞ்சலஸுக்கு, அதாவது யு.எஸ்.சி. பல்கலைக்கழகத்துக்குப் போனபோது ஓக்லஹோமாக்காரர்கள் கொதித்தார்கள். எங்கள் அலுவலகத்தில் யாரும் ஆச்சரியப்படவில்லை. தெற்கு கலிபோர்னியாவில் அவர் விமானம் ஏறிப் போய்த் தேடிய பையன்கள் இனி காரில் போகும் தூரத்தில்.

இடம் ஒன்றே போதும் என்றால் டெக்சாஸ் பல்கலைக்கழகம் தோற்கவே கூடாது. அள்ள அள்ளக் குறையாத மாநிலத்தில் உட்கார்ந்துகொண்டு 2010, 2015, 2016, 2021 என நான்கு சீசனிலும் தலா 5 வெற்றி, 7 தோல்வி. எதிர்ப்பக்கம், அப்போது இருபது லட்சம் பேர்கூட இல்லாத நெப்ராஸ்கா மாநிலத்தில் கோச் டாம் ஆஸ்போர்ன் 1994, 1995, 1997இல் பட்டம் வென்றார். உதவித்தொகை இல்லாமலே வந்து சேர்ந்த உள்ளூர்ப் பண்ணைப் பையன்களை வருடக்கணக்கில் தேற்றி எடுத்தார். அந்தப் பொறுமைக்கு இன்று எந்த நிர்வாகம் அவகாசம் கொடுக்கும்?

இப்போது ஆட்டக்காரர்கள் கல்லூரி மாறப் பெயர் பதியும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வந்து வட்டத்தையே கலைத்துவிட்டது என்கிறார்கள். 2024இல் கோச் கர்ட் சிக்னெட்டி ஜேம்ஸ் மேடிசன் பல்கலைக்கழகத்திலிருந்து தன் ஆட்டக்காரர்களில் ஒரு கூட்டத்தையே இண்டியானா பல்கலைக்கழகத்துக்குக் கூட்டி வந்து முதல் வருடமே 11 ஆட்டம் ஜெயித்தார். 2025 ஜூலையிலிருந்து கல்லூரிகளே ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கலாம், ஒரு கல்லூரி எல்லோருக்கும் சேர்த்து வருடத்துக்கு 2 கோடி டாலருக்குக் கொஞ்சம் மேலே வரை. சரி, பணம் தூரத்தைக் குறைக்கும். ஆனால் போர்ட்டலில் பெயர் போட்ட பையன்களின் விவரத்தை நான் பார்த்த வரையில், "வீட்டுக்குப் பக்கத்தில்" என்ற காரணம் திரும்பத் திரும்ப வந்தது.

போன பிறகு கோச் ஒரே ஒருமுறை கூப்பிட்டார். புது ஊர் எப்படி என்று கேட்டேன். வீட்டிலிருந்து இருபது நிமிடத்தில் ஒரு பள்ளி, அன்று காலை அங்கே போயிருக்கிறார். வண்டி நிறுத்த இடமில்லையாம். ஏழு கல்லூரிகளிலிருந்து கோச்சுகள் வந்து அதே பையனுக்காக வரவேற்பறையில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்களாம். "நான் எட்டாவது" என்றார்.