இரண்டு ‘கோவில்’: சர்வரை ஐஸ்லாந்துக்கு மாற்றிய அனுபவம்

எங்கள் குடும்பத்துக்கென்று ஒரு சின்ன சர்வரை வாடகைக்கு வைத்திருக்கிறேன். காவடிப் படங்கள், பொங்கல் படங்கள், பாட்டி கடைசிக் காலத்தில் பாடிய தமிழ்ப் பாட்டுகள் என்று 180 ஜிபி இருக்கிறது. மொரிஷியஸில் எங்கள் வீட்டுப் பேச்சு கிரியோல்தான். பாட்டியின் தமிழ் இனி அந்த ஒலிப்பதிவுகளில்தான் கேட்கும்.

இதுவரை ஒரு பெரிய அமெரிக்க நிறுவனத்தின் ஜோகன்னஸ்பர்க் மையத்தில் இருந்தது. ஜூனில் என் வங்கி அட்டை மாறியதில் ஒரு மாதக் கட்டணம் தவறிப்போக, கணக்கைப் பூட்டிவிட்டார்கள். நான்கு நாள் எழுதியும் தானியங்கிப் பதில்தான் வந்தது. அன்றே வெளியேற முடிவு செய்தேன். இன்னொரு காரணமும் இருந்தது. 2018-இல் வந்த கிளவுட் சட்டப்படி, அமெரிக்க நிறுவனம் தரவை எந்த நாட்டில் வைத்திருந்தாலும் அமெரிக்க அதிகாரிகள் முறைப்படி கேட்டு வாங்க முடியும்.

ஐஸ்லாந்தின் தலைநகர் ரெய்க்யவிக்கில் 2006-இல் தொடங்கிய ‘1984’ என்ற சிறு நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்தேன். ஐஸ்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை. ஆனால் ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் இருப்பதால் ஜிடிபிஆர் என்ற ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அங்கும் செல்லும். மின்சாரமும் ஏறக்குறைய முழுவதும் நீரிலிருந்தும் பூமிச் சூட்டிலிருந்தும் வருகிறது.

டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தையும், கோப்புகளைப் பகிர உதவும் நெக்ஸ்ட்கிளவுட் மென்பொருளையும் நிறுவியதெல்லாம் ஒரு மாலை வேலை. இணையப் பெயர் எந்தச் சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் டிஎன்எஸ்ஸில், பழைய முகவரியை மற்ற கணினிகள் எவ்வளவு நேரம் நினைவில் வைக்கலாம் என்ற டிடிஎல்லை இரண்டு நாள் முன்பே 86400-இலிருந்து 300 நொடிக்குக் குறைத்து வைத்ததால், முகவரி மாறியது வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. பழைய சர்வரிலிருந்து புதியதற்கு ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் நிரல் இரவோடு இரவாக நகலெடுத்தது. விடுபட்ட சில படங்களை என் மேக்கில் செருகிய பழைய டிஸ்கிலிருந்து அனுப்பினேன். அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

காலையில் அத்தை கூப்பிட்டார். “தம்பி, கோவில் ரெண்டு இருக்கே, எதைத் திறக்கிறது?” பார்த்தால், ‘கோவில்’ என்று இரண்டு கோப்புறை, ‘பொங்கல்’ என்றும் இரண்டு. ‘காவடி’ மட்டும் ஒன்றே ஒன்று. எழுத்தில் ஒரு வித்தியாசமும் கண்ணுக்குத் தெரியவில்லை. பெயர்களின் பைட்டுகளை எண்ணிப் பார்த்தேன். ஒரு ‘கோவில்’ 18 பைட், இன்னொன்று 21.

எழுத்துகளுக்குக் கணினியில் எண் தரும் முறையான யூனிகோடில் ‘கோ’வை இரண்டு விதமாக எழுதலாம். ககரத்துக்குப் பின் ஓகாரக் குறியை ஒரே குறியீடாக வைக்கலாம். அதையே முன்னால் வரும் ஏகாரக் குறி, பின்னால் வரும் கால் என்று இரண்டாகப் பிரித்தும் வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றே. எச்எஃப்எஸ் பிளஸ் என்ற மேக்கின் பழைய கோப்பு முறையில் உள்ள டிஸ்க் பெயர்களைப் பிரித்துத்தான் சேமிக்கும். சர்வரில் உள்ள லினக்ஸ் கொடுத்ததை அப்படியே வைத்துக்கொள்ளும், அதனால் அதற்கு இரண்டும் வேறு வேறு பெயர். ‘கா’வில் பிரிக்க எதுவும் இல்லை, அதனால் காவடி தப்பியது. ஒ, ஓ, ஔ வரிசை உயிர்மெய்கள் உள்ள பெயர்கள்தான் இரட்டித்தன.

பிரிந்த பெயருள்ள கோப்புறைகளை அழித்துவிட்டு, பெயர்களின் எழுத்துக் குறியீட்டை மாற்றித் தரும் ஆர்சிங்க்கின் ஐகான்வ் விருப்பத்தோடு மறுபடி அனுப்பினேன். என் மேக்கோடு வந்த ஆர்சிங்க் 2.6.9 மிகப் பழையது, அதில் அந்த விருப்பமே கிடையாது. மேக்கில் மென்பொருள் நிறுவ உதவும் ஹோம்புரூவில் 3-ஆம் பதிப்பைப் போட்ட பிறகு சரியானது. தமிழில் கோப்புப் பெயர் வைப்பவர்கள் யாராக இருந்தாலும், மாற்றும் முன் இதைப் பார்த்துவிடுங்கள். பயந்துபோய் ஆங்கிலப் பெயருக்கு மாற வேண்டாம்.

வேகம் குறைந்தது உண்மை. ஜோகன்னஸ்பர்க்குக்கு பிங் (ஒரு சிறு செய்தி போய்த் திரும்பும் நேரம்) 50 மில்லிநொடி இருந்தது, ஐஸ்லாந்துக்கு 240. படம் பார்க்கவும் பாட்டு கேட்கவும் அது தடையாக இல்லை.

ரெஸ்டிக் என்ற காப்புநகல் மென்பொருள் இப்போது தினமும் மறையாக்கம் செய்த ஒரு நகலை வீட்டு டிஸ்குக்கு இறக்குகிறது. அதிலிருந்து எல்லாவற்றையும் மீட்டுப் பார்க்கும் சோதனை பாக்கி. நவம்பரில் புயல் காலம் தொடங்குமுன் ஒரு பழைய மடிக்கணினியில் அதைச் செய்யப் போகிறேன், முதலில் பாட்டியின் பாட்டுகளை.