கூத்துக் களரியும் ஆய்வேடும்: பல துறைக் கலை ஆய்வுக்கு ஆயத்தமாகும் வன்னி மாணவருக்கு

வன்னியிலிருந்து கலைத்துறைப் பட்டப்படிப்புக்குச் செல்ல விரும்பும் மாணவர் முதலில் நமது நிலத்தின் கல்வி அமைப்பை அறிந்துகொள்ள வேண்டும். 2021 ஆகஸ்ட் 1 ஆம் திகதி தனித்த பல்கலைக்கழகமாக உயர்ந்த வவுனியாப் பல்கலைக்கழகத்தில் பிரயோக விஞ்ஞானம், வணிகக் கற்கைகள், தொழில்நுட்பக் கற்கைகள் ஆகிய பீடங்கள் உள்ளன. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாய, தொழில்நுட்பப் பீடங்கள் இயங்குகின்றன. நாடகம், இசை, நடனம், சித்திரம் ஆகியவற்றைப் பட்டத்துக்குப் படிக்க வேண்டுமெனில் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிக்கோ, மருதனார்மடத்துக்கோ, மட்டக்களப்புக் கல்லடிக்கோ போக வேண்டும். ஆய்வதற்குரிய கூத்தும் பாட்டும் முல்லைத்தீவிலும் மன்னாரிலும் இருக்க, அவற்றைப் படிக்கும் துறைகள் யாழ்ப்பாணத்திலும், பதிவுசெய்து பகுப்பாய்வதற்குரிய கருவிகளும் பயிற்சியும் கிளிநொச்சியிலும் வவுனியாவிலுமாகச் சிதறிக் கிடக்கின்றன. துறைகளை இணைக்கும் கலை மையமொன்று வன்னியில் அமைய வேண்டும் என்பது என் உறுதியான விருப்பம். அது அமையும்வரை அந்த இணைப்பை மாணவர்களே தமது ஆய்வுகளின் வழியாக உருவாக்கிக்கொள்ளலாம்.

நான் நாடகமும் அரங்கியலும் சிறப்புப் பாடமாகப் படித்தேன். இறுதியாண்டு ஆய்வேட்டுக்காக, முல்லைமோடி என்று நம்மவர் அழைக்கும் முறையில் ஆடப்படும் கோவலன் கூத்தின் வரவு ஆட்டங்களையும் (பாத்திரங்கள் களரிக்கு வரும்போது ஆடுபவை) தருக்களையும் (கூத்துப் பாடல்கள்) எடுத்துக்கொண்டேன். ஆட்டத்தையும் அரங்க அமைப்பையும் எழுத என்னால் முடிந்தாலும், தருக்களைச் சுரப்படுத்த இசை படித்தவரும், ஒலியையும் காட்சியையும் ஒழுங்காகப் பதிவுசெய்யத் தொழில்நுட்பம் படித்தவரும் தேவைப்பட்டனர். மருதனார்மடத்து மாணவி ஒருவரும் அறிவியல் நகர் மாணவர் ஒருவரும் சேர்ந்துகொண்டனர். எங்கள் மூவருக்கும் ஆசிரியராக இருந்தவர், ஊரில் கூத்தைப் பழக்கி நடத்தும் அண்ணாவியார்.

இத்தகைய கூட்டு நமது பல்கலைக்கழக மரபுக்குப் புதியதன்று. பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ முதலிய கூத்துகளை 1960களில் மேடையேற்றியபோது, பல்கலைக்கழக மாணவர் கிராமத்து அண்ணாவிமாரிடமிருந்தே ஆட்டத்தைப் பெற்றனர். மன்னாரின் ‘எண்டிறீக்கு எம்பரதோர் நாடகம்’ 1964 இலும் ‘மூவிராசாக்கள் நாடகம்’ 1966 இலும் அவரது பதிப்பாக அச்சேறின. ஏட்டில் இருந்ததை அச்சுக்குக் கொண்டுவரும் புலமையும், களரியில் ஆடுவோரின் அறிவும், மேடையமைப்புத் தெரிந்தவரின் கையும் அங்கே ஒன்றுசேர்ந்தன. வாய்மொழிப் பரீட்சையில் உங்கள் ஆய்வின் முன்னோடிகள் யார் என்று கேட்கப்படும்போது, வெளிநாட்டு அரங்கக் கோட்பாடுகளை ஒப்புவிப்பதற்கு முன்னர் இந்த வரலாற்றைச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

கூட்டாய்வில் மிகுந்த கவனத்தைக் கோருவது ஊரோடு கொள்ளும் உடன்பாடே. பல்கலைக்கழகங்களுக்கிடையிலான புரிந்துணர்வு உடன்படிக்கை, பல்கலைக்கழகத்தின் உயர் சபைகளான மூதவையையும் பேரவையையும் கடந்து வர வேண்டியது. ஓர் ஆய்வேட்டின் காலத்துக்குள் அதை எதிர்பார்த்திருக்க இயலாது. மாணவர் நிலையிலான வேலைக்குத் துறைத்தலைவரின் கடிதமும், பிரதேச செயலகக் கலாசார உத்தியோகத்தரின் அறிமுகமும் பெரும்பாலும் போதுமானவை. ஆனால் அண்ணாவியாரிடம் கடிதத்தை நீட்டுவதால் மட்டும் உடன்பாடு ஏற்பட்டுவிடாது. எதைப் பதிவுசெய்வோம், அது எங்கே வைக்கப்படும், யார் பார்க்கலாம், இணையத்தில் ஏற்றலாமா, மத்தளகாரருக்கும் பிற்பாட்டுக்காரருக்கும் என்ன கொடுப்பனவு, ஆய்வேட்டில் யார் யாருடைய பெயர் எவ்வாறு வரும் என்பவற்றை அவர் வீட்டு விறாந்தையில் இருந்து, குழுவினரும் கேட்கும்படி, ஒவ்வொன்றாகப் பேசித் தமிழில் எழுதி, இரு பகுதியினரும் ஒப்பமிட்டு, ஒரு பிரதியை அவரிடமே விட்டுவர வேண்டும். காப்புப் பாடலையோ நேர்த்திக்கடனாகக் கோயிலோடு பிணைந்த பகுதியையோ பதிவுசெய்ய வேண்டாம் என்று அவர் சொன்னால் அதுவே முடிவு. அந்த மறுப்பையும் அதற்கு அவர் கூறிய காரணத்தையும் ஆய்வேட்டில் எழுதுவது ஆய்வைக் குறைத்துவிடாது; அந்தக் கலை இன்னும் நம்பிக்கையோடு வாழ்கிறது என்பதற்கு அதுவும் சான்றாகும்.

இடப்பெயர்வுகளில் கூத்து ஏடுகளையும் கொப்பிகளையும் உடுப்புகளையும் இழந்த குழுக்கள் நம்மிடையே பல. ஞாபகத்திலிருந்து மீட்டுப் பாடுகிறவர் ஓரிடத்தில் தடுமாறினால், அச்சில் வந்த வேறொரு பாட வடிவத்தைக் காட்டித் திருத்த முற்படக் கூடாது. இரண்டு வடிவங்களையும் வேறுபடுத்திக் குறித்து வைப்பதே ஆய்வாளருக்குரிய வேலை.

பருவத்தைப் பார்த்துத் திட்டமிடுவதும் அவசியம். கூத்துக்காரரில் பெரும்பாலோர் வயல் செய்பவர்கள். காலபோக அறுவடை நடக்கும் மாசி, பங்குனியில் அவர்களை ஒன்றாக இருத்துவது அரிது. வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கல் வரும்போது ஊரே கோயில் வேலையில் இருக்கும். பல்கலைக்கழக அரையாண்டு நாட்காட்டியை ஊரின் நாட்காட்டிக்குள் பொருத்த வேண்டியவர் மாணவரே. ஆய்வு முன்மொழிவில் இதைக் காரணத்தோடு எழுதிவிட்டால் மேற்பார்வையாளரும் ஏற்றுக்கொள்வார்.

பதிவைப் பற்றி, தொழில்நுட்ப மாணவரிடம் கற்றவற்றுள் சிலவற்றைக் குறிப்பிடுகிறேன். மத்தளத்தின் ஓசை பாடுபவரின் குரலை மூடிவிடும் என்பதால் இரண்டுக்கும் தனித்தனி ஒலிவாங்கி வைக்க வேண்டும். ஒலியைச் சுருக்கப்படாத வேவ் கோப்பாக, 48 கிலோஹேர்ட்ஸ், 24 பிட் அளவில் சேமிக்க வேண்டும். ஒரு கமரா முழுக் களரியையும், மற்றொன்று ஆடுபவரின் இடுப்புக்குக் கீழேயும் பார்க்க வேண்டும். காலடி தெரியாத பதிவிலிருந்து தாளக்கட்டை எழுத முடியாது. தொடக்கத்தில் ஒருமுறை உரக்கக் கைதட்டினால் பின்னர் ஒலியையும் காட்சிகளையும் ஒன்றுசேர்ப்பது எளிது. அன்றிரவே ஒவ்வொரு கோப்புக்கும் தருவின் முதலடி, பாத்திரம், பாடியவர், இடம், திகதி ஆகியவற்றை எழுதி, வேறு வேறு இடங்களில் இரண்டு பிரதிகளாவது வைத்துக்கொள்ளுங்கள்.

அதே வேளையில், தொழில்நுட்ப மாணவரை வெறும் கமராக்காரராக நடத்தக் கூடாது. வரவு, விருத்தம், தரு என்பவற்றின் வேறுபாடு அவருக்குத் தெரிந்திருந்தால் எந்த இடத்தில் பதிவை நிறுத்தலாகாது என்பதை அவரே உணர்வார். நாங்கள் இசை மாணவியிடம் தாளமும் அவர் எங்களிடம் ஆட்டமும் படித்த மாலைகள், நூலகத்தில் இருந்த நேரத்தைவிடவும் பயன் தந்தன என்பதை மனமார எழுதுகிறேன். தருவொன்றைச் சுரத்தில் எழுதும்போது கர்நாடக இராகப் பெயருக்குள் அதை அடக்கிவிடும் ஆசை எழும். அண்ணாவியார் அந்த மெட்டுக்குச் சொல்லும் பெயரை முதலில் எழுதி, இராக ஒப்பீட்டை அடுத்துத் தருவதே நேர்மையானது.

ஒரே பதிவிலிருந்து வெவ்வேறு துறைகளில் ஆய்வேடுகள் எழும்போது எது யாருடைய உழைப்பு என்ற கேள்வி நிச்சயமாக வரும். எனவே களப்பணி பொதுவானது, பகுப்பாய்வு தனித்தனியானது என்பதை மூவரின் முன்னுரையிலும் ஒரே வாசகத்தில் எழுதி, மூன்று மேற்பார்வையாளர்களுக்கும் முன்கூட்டியே காட்ட வேண்டும். வாய்மொழிப் பரீட்சையில் என் துறைக்கு அப்பாற்பட்ட கேள்விகளும் எழுந்தன. ஒலியைப் பற்றிய கேள்விக்கு நான் செய்ததைச் சொல்லி, அதற்கு மேற்பட்டது தொழில்நுட்ப மாணவரின் ஆய்வில் உள்ளது என்று தெளிவாக எல்லை வகுத்தேன். பரீட்சகர்கள் அதை ஏற்றுக்கொண்டனர்.

உயர்தரம் படிப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: நுண்கலைப் பட்டங்களுக்குப் பரீட்சைப் பெறுபேற்றோடு செய்முறை அல்லது உளச்சார்புப் பரீட்சையும் உண்டு, அதற்கான அறிவித்தலைத் தவறாது கவனித்து உரிய காலத்தில் விண்ணப்பிக்க வேண்டும். உங்கள் ஊர்க் கூத்தில் ஒரு வரவையேனும் முறையாகப் பழகியிருப்பது அங்கே உங்களுக்குத் துணிவு தரும்.

ஆய்வேடு ஏற்கப்பட்டதும் பதிவுகளின் பிரதியைத் துறைக்குக் கொடுப்பதற்கு முன்னர் கூத்துக் குழுவிடம் கொடுங்கள். வன்தட்டை மட்டும் கொடுத்தால் பலர் வீட்டில் அதைத் திறக்க வழியில்லை. கைப்பேசியில் பார்க்கக்கூடிய சிறிய கோப்புகளாகவும், தருக்களைப் பெரிய எழுத்தில் அச்சிட்ட கொப்பியாகவும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். எழுத்தில் அனுமதி தந்த பகுதிகளை நூலக நிறுவனம் போன்ற எண்ணிம ஆவணகங்களில் சேர்ப்பது பற்றிக் குழுவோடு மறுபடியும் பேசி, அவர்கள் இசைந்தால் அதற்குரிய விவரங்களை நீங்களே நிரப்பிக் கொடுங்கள்.