எண்ணெயும் கிழியும்: பாலக்காட்டுப் பயிற்சிக் குறிப்புகள்

12 ஜூன் 2023, திங்கள்

பாலக்காட்டில் பஞ்சகர்மா என்கிற ஆயுர்வேதச் சிகிச்சைக்கான தெரபிஸ்ட் பயிற்சியில் சேர்ந்தாச்சு. ஒரு வருடப் படிப்பு. காலையில் வகுப்பு, மதியத்துக்கு மேல் சிகிச்சை அறை. திருப்பூரில் பனியன் கம்பெனி செக்கிங் டேபிளில் நின்றவள் எதற்கு இந்த வயதில் இதற்குப் போகிறாள் என்று ஊரில் பேச்சு. "மசாஜா?" என்று கேட்டுவிட்டு ஒரு மாதிரி சிரிக்கிறவர்களுக்குப் பதில் சொல்வதை நிறுத்திவிட்டேன். அத்தை மட்டும் நேராகக் கேட்டார். "ஏங்கண்ணு, ஆம்பளைங்களுக்கும் புடிச்சு உடோணுமா?" இல்லைங்கத்தை, இங்கே பெண்களுக்குப் பெண்கள்தான், ஆண்களுக்கு ஆண்கள்தான் என்றேன். "அப்பச் சரி, போய்ட்டு வா சாமி." அவ்வளவுதான், அனுமதி கிடைத்துவிட்டது.

டீச்சர் வந்ததும் பெயர் கேட்கவில்லை, கைகளை நீட்டச் சொன்னார். நகம், மோதிரம், கண்ணாடி வளையல் எல்லாம் போச்சு. மருதாணி இருக்கலாமாம்.

15 ஜூன், வியாழன்

இதுவரை யார் உடம்பிலும் கை வைக்கவில்லை. யார் மேல் கை வைக்கக்கூடாது என்றுதான் பாடம் ஓடுகிறது. காய்ச்சல் இருந்தால் கூடாது. சாப்பிட்டது செரிக்காமல் வயிறு கனத்துக் கிடந்தால் கூடாது, இதை வாக்படர் அஷ்டாங்க ஹிருதயம் என்ற பழைய ஆயுர்வேத நூலில் தினசரி நடைமுறை சொல்லும் அத்தியாயத்திலேயே எழுதி வைத்திருக்கிறார், கபம் மிகுந்தவருக்கும் அப்போதுதான் பேதியோ வாந்தியோ கொடுத்து உடம்பைச் சுத்தம் செய்துகொண்டவருக்கும் எண்ணெய் தேய்ப்பு வேண்டாம் என்று சேர்த்து. சுருள் சிரை (புடைத்துச் சுருண்ட ரத்தக்குழாய்) உள்ள காலில் அழுத்தம் கூடாது. கழுத்தின் முன்பக்கம், அக்குள், முழங்காலுக்குப் பின்னால் இருக்கும் குழி, இங்கெல்லாம் நரம்பும் ரத்தக்குழாயும் மேலாகவே ஓடுவதால் கட்டைவிரலை இறக்கக்கூடாது.

ஒன்று மட்டும் இன்றைக்கு மண்டையிலேயே நிற்கிறது. ஒரு கால் கெண்டை மட்டும் வீங்கி, சூடாக, தொட்டால் வலிக்கிறது என்று ஒருவர் வந்து "நல்லா அமுக்கி விடும்மா" என்று சொன்னால் தொடவே கூடாது, நேராக டாக்டரிடம் அனுப்ப வேண்டும். உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம், அமுக்கினால் அந்தக் கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போய் உயிரையே எடுக்கலாம். ஊரில் கால் வீக்கத்துக்கு எத்தனை பேருக்கு நல்லெண்ணெய் போட்டு உருவிவிட்டிருப்போம், நினைத்தாலே பகீர் என்கிறது.

22 ஜூன், வியாழன்

இந்த வாரம் முழுக்க அப்யங்கம், அதாவது உடம்பு முழுக்க எண்ணெய் தேய்ப்பு, ஒருத்திக்கு ஒருத்தி மாற்றி மாற்றி. எண்ணெயை நேராக அடுப்பில் காய்ச்சுவதில்லை, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் கிண்ணத்தை இறக்கிச் சூடாக்குகிறோம். உச்சந்தலையில் ஆரம்பம். அப்புறம் காது, உள்ளங்கால் என்று எதையும் விடக்கூடாது. கை கால்களில் நீளமாக, மூட்டு வந்தால் வட்டமாக, வயிற்றில் கடிகார முள் போகிற திசையில். உட்கார்ந்து, மல்லாந்து, இடப்பக்கம், வலப்பக்கம், குப்புற என்று மொத்தம் ஏழு நிலை, சிலது திரும்ப வரும். முக்கால் மணி நேரத்துக்குள் முடிய வேண்டும்.

இதெல்லாம் மனப்பாடம் செய்துவிடலாம். கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. கேரள முறையில் ஒருவருக்கு இருவர், மேசைக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி. நான் தோளிலிருந்து இறங்கும்போது அவளும் இறங்க வேண்டும், என் கை முழங்கையைச் சுற்றினால் அவள் கையும் சுற்ற வேண்டும், வேகமும் அழுத்தமும் ஒன்றாக இருக்க வேண்டும். படுத்திருப்பவருக்கு இடது வேறு வலது வேறு என்று தெரிந்தால் அந்த உழிச்சல் (தேய்த்து உருவிவிடுவதை இங்கே அப்படித்தான் சொல்கிறார்கள்) தேறாது. பேசக்கூடாது, எண்ணக்கூடாது. எனக்கு ஜோடி தேனிப் பக்கத்துப் பெண், பத்தொன்பது வயது, காற்று மாதிரி வேகம். எனக்கோ கம்பெனியில் என் பீஸை நான் பார்த்து என் கணக்கை நான் எழுதியே பழக்கம், பக்கத்து டேபிளில் இருந்தவள் எந்த வேகத்தில் பார்த்தாள் என்று ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை.

படுத்துப் பார்த்தால்தான் புரிகிறது. நான் கீழே படுத்திருந்தபோது மேலே ஒரு ஜோடி ஒத்துப் போகாமல் செய்தது, எரிச்சலில் பாதியிலேயே எழுந்துவிடலாம் போல இருந்தது. அப்புறம் சீனியர் சேச்சி வேறொருவரோடு சேர்ந்து செய்து காட்டினார். சத்தியமாக நான்கு கை என்று தெரியவில்லை.

3 ஜூலை, திங்கள்

கிழி, அதாவது ஒத்தடம் கொடுக்கும் மருந்து மூட்டை, கட்டும் வாரம். சமையல்கட்டு வாரம் என்றே சொல்லலாம். எருக்கு, நொச்சி, ஆமணக்கு, முருங்கை, புளி இலைகளை அரிந்து, தேங்காய்த் துருவல், எலுமிச்சைத் துண்டு, மஞ்சள், இந்துப்பு போட்டு எண்ணெயில் வதக்கி, சதுரத் துணியில் கட்டினால் இலைக்கிழி. முடிச்சு கையில் பிடிக்கிற மாதிரி இருக்க வேண்டும், ஒத்தடம் கொடுக்கும்போது அவிழவும் கூடாது. சட்டியில் ஒன்று சூடாகும், கையில் ஒன்று ஓடும், ஆறுவதற்குள் மாற்ற வேண்டும். எடுத்ததும் முதலில் நம் புறங்கையில் வைத்துப் பார்க்கணும். உள்ளங்கை இந்த வேலையில் காய்த்துப் போய்விடுவதால் அது சொல்லும் சூட்டை நம்பக்கூடாது. சர்க்கரை நோயாளிகளுக்கு உணர்ச்சி குறைவு, சுட்டாலும் "பரவாயில்லை"தான் சொல்வார்கள், அங்கே இன்னும் கவனம்.

நவரக்கிழி தனிக்கதை. நவர அரிசி 60 நாளில் விளைகிற நெல், பாலக்காட்டுப் பக்கமே விளைகிறது, விலையும் கூட. குறுந்தொட்டி என்கிற மூலிகையின் வேர்க் கஷாயத்தையும் பாலையும் சேர்த்து அதில் அரிசியைக் குழைய வேகவைக்கிறார்கள். அதே கஷாயப் பாலில் கொஞ்சம் எடுத்து வைத்துக்கொண்டு கிழியை முக்கி முக்கித் தேய்க்கிறோம். துணி வழியாகக் கசிந்து உடம்பெல்லாம் வெள்ளைப் பசை. முடிந்ததும் தென்னங்கீற்று ஓலையால் வழித்து எடுக்கணும். தரை வழுக்கும், காலில் பிடிப்பு வேண்டும். பாயசம் மாதிரி வாசனை வேறு, மதியம் சாப்பிடாமல் போனால் வயிறு கூவும்.

17 ஜூலை, திங்கள்

இன்று கர்க்கடகம் ஒன்று, நமக்கு ஆடி ஒன்று. மழை நிற்கவில்லை. வயலில் வேலை இல்லாத மாதம், ஈரத்தில் உடம்பு சிகிச்சைக்கு இளகிக் கொடுக்கும் என்ற நம்பிக்கை, இரண்டும் சேர்ந்து கேரளத்தில் இந்த மாதம்தான் உழிச்சல் சீசன். மருந்துக் கஞ்சி பாக்கெட் மளிகைக் கடையில்கூடத் தொங்குகிறது. கதகளி படிக்கிறவர்களுக்கும் மழைக்காலத்தில்தான் விடியற்காலை உழிச்சல், ஆசான் மேலே கட்டிய கம்பையோ கயிற்றையோ பிடித்துக்கொண்டு காலால் மிதித்து உடம்பை வளைத்து விடுவார். இங்கிருந்து தூரமில்லாத செறுதுருத்தியில் இருக்கிற, 1930-இல் தொடங்கிய கலாமண்டலம் என்ற கலைப்பள்ளியில் அது பாடத்திட்டத்தோடு சேர்ந்தது. எங்கள் மையத்தில் மிதி உழிச்சல் கிடையாது, எனக்கும் அந்தத் தைரியம் இல்லை.

கூட்டம் அதிகமானதால் எங்களையும் உதவிக்கு விட்டுவிட்டார்கள். நோயாளி குளிக்கப் பயத்தமாவும் வெந்நீரும் எடுத்து வைப்பது, குளித்து வந்ததும் உச்சியில் ராஸ்னாதி சூரணம் என்கிற மூலிகைப் பொடியைத் தேய்ப்பது.

25 ஜூலை, செவ்வாய்

பிழிச்சில். துரோணி என்கிற நீள மரத்தொட்டியில் ஆளைப் படுக்க வைத்து (எங்களுடையது எட்டி மரம், பழையது, எண்ணெய் குடித்துக் கருத்துப் போயிருக்கிறது) வெதுவெதுப்பான எண்ணெயில் துணியை முக்கி, கட்டைவிரல் கீழே பார்க்கும்படி பிடித்துப் பிழிந்தால் எண்ணெய் விரல் வழியே ஒரே தாரையாக இறங்கும். இன்னொரு கை பின்னாலேயே தடவிக்கொண்டு போகும். வழிகிற எண்ணெய் துளை வழியாகப் பாத்திரத்துக்கு வந்து மறுபடி சூடாகித் திரும்பும். பழைய கணக்குப்படி மொத்த எண்ணெயில் பாதி முதல் மூன்று நாளுக்கு, மறு பாதி அடுத்த மூன்று நாளுக்கு, ஏழாம் நாள் இரண்டையும் கலந்து. ஒருவருக்கு எடுத்த எண்ணெய் அவருக்கு மட்டும்தான்.

சேச்சியோடு ஜோடி போட்டார்கள். ஐந்து நிமிடத்தில் எனக்கு விளங்கியது: அவர் என் கையைப் பார்ப்பதே இல்லை, மூச்சைப் பார்க்கிறார். படுத்திருந்தவருடையதை இல்லை, என்னுடையதை! நான் மூச்சு வாங்கினால் அவர் கை ஒரு துளி மெதுவாகிறது. வெளியே வந்ததும் கேட்டேன், எப்படிச் சேச்சி என்று. "நீ குனியறப்போ தோளைத் தூக்குற. அதான் சீக்கிரம் களைச்சுப் போற. முட்டிய மடக்கு" என்றார் மலையாளம் கலந்த தமிழில். அதன்பிறகு தேனிப் பெண்ணோடு செய்யும்போது அவள் முட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நிஜமாகவே உதவுகிறது.

6 ஆகஸ்ட், ஞாயிறு

லீவு. கட்டைவிரல் அடிமூட்டு வலி. விரலால் அழுத்தாதே, உடம்பு எடையைச் சாய்த்து உள்ளங்கை அடியால் அழுத்து என்று டீச்சர் சொல்லிக்கொண்டே இருக்கிறார். விரலை நம்பினவர்கள் சில வருடத்திலேயே தொழிலை விட்டுவிடுகிறார்களாம்.

அப்புறம் துணி. எண்ணெய்த் துணியை யாரும் இந்தத் தொழிலில் கணக்கில் சேர்ப்பதில்லை, பாதி வேலையே அதுதான். எண்ணெய் போகத் துவைக்காத துண்டுகளை டிரையரில் போட்டு, சூட்டோடு குவித்து வைத்தால் தானாகவே தீப்பிடிக்கும் என்பதால் இங்கே வெந்நீரில் ஊறவைத்து வெயிலில்தான் காயப் போடுகிறார்கள். இந்த மழையில் ஏது வெயில்?

ஊரிலிருந்து சித்தப்பா போன். "நம்ம சித்த மருத்துவத்துல இல்லாததா?" நியாயமான கேள்விதான். தொக்கணம் என்ற பெயரில் தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல் என்று ஒன்பது வகை சொல்லியிருக்கிறார்கள். அதையும் ஒருநாள் முறையாகப் படிக்கணும். இப்போதைக்குச் சம்பளம் எங்கே சீக்கிரம் வருமோ அங்கே நிற்கிறேன் சித்தப்பா என்றேன்.

19 ஆகஸ்ட், சனி

இதை எழுதுவது படிக்கிற மற்ற பெண்களுக்காக. ஹாஸ்டலில் ஒரு ஏஜென்ட் நம்பர் சுற்றுகிறது. வளைகுடாவில் ஸ்பா வேலை, விசா ரெடி, ஒன்றரை லட்சம் கட்டினால் போதும் என்கிறான். வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்ட் மத்திய அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும், சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கு 18 சதவீதம் ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம், அதற்கும் ரசீது தரணும். பதிவு இருக்கிறதா என்று அரசின் இமைக்ரேட் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். இந்த ஆளின் பெயர் அதில் இல்லை. கேட்டதற்கு "மேடம், அதெல்லாம் சின்ன கம்பெனிக்குத் தேவையில்லை" என்று பதில். பிளாக் செய்தேன். தேனிப் பெண்ணின் அப்பா அட்வான்ஸ் கட்ட நகையை எடுத்துக்கொண்டு கிளம்பியிருந்தார், போன் போட்டு நிறுத்திவிட்டோம்.

வேலை ஒப்பந்தத்தில் என்ன வேலை, யாருக்கு, எத்தனை மணி நேரம் என்று எழுதியிருக்கா பாருங்கள். "ஸ்பா ஸ்டாஃப்" என்று மொட்டையாக இருந்தால் கையெழுத்து வேண்டாம்.

30 ஆகஸ்ட், புதன்

நேற்று திருவோணம், சேச்சி வீட்டில் சாப்பாடு, இன்று எழுந்திருக்கவே மனசில்லை. ஆனால் சிரோதாரா, அதாவது நெற்றியில் எண்ணெயைத் தாரையாக விடுவது, முதல் முறையாகத் தனியாக. நெற்றிக்கு மேல் நான்கு விரற்கடை உயரத்தில் பாத்திரம், கண்ணில் பஞ்சு, ஃபேன் ஆஃப். தாரை நெற்றியில் ஒரே இடத்தில் நிற்காமல் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய்வர வேண்டும். இதற்கு ஜோடி வேண்டாம், எண்ணெய் தீரும்போது எடுத்துக் கொடுக்க ஒருத்தி இருந்தால் போதும். படுத்திருந்த அம்மா பத்தாவது நிமிடத்தில் குறட்டை. எனக்குத்தான் எதிரே ஆள் இல்லாமல் என்னவோ போல இருந்தது.

அடுத்த மாதம் முதல் உள்நோயாளிப் பிரிவில் டூட்டி. பக்கவாதம் வந்தவர்கள், மூட்டு விறைத்தவர்கள். ஜோடி யார் என்று பட்டியல் வெள்ளிக்கிழமை ஒட்டுவார்கள். சேச்சி பெயர் வரணும் என்று தேனிப் பெண்ணும் வேண்டுகிறாள், நானும் வேண்டுகிறேன், இருவருக்கும் ஒரே சேச்சி கிடைக்கப் போவதில்லை.